கொட்டகை கிடைக்காத நாடகம்

பாரிஸில் 1548-ம் வருஷம் நடந்ததைக் கேட்டால், கொட்டகை நடத்திப் பழகியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் 'பாடுகளின் சகோதரத்துவம்' என்ற பழைய நாடகச் சபை, நகரத்துக்குள் பாழடைந்து கிடந்த பர்கண்டி கோமகன்களின் அரண்மனை வளாகத்தில் ஒரு மனையை வாங்கிற்று. அங்கே நாடகத்துக்கென்றே நீளவாக்கில் ஒரு கூடம் கட்ட ஆரம்பித்தது. பாரிஸில் நாடகத்துக்காகவே எழுந்த முதல் நிரந்தரக் கட்டடம் அது. ஒத்தெல் தெ பூர்கோஞ் என்று பேர். அதே வருஷம் நவம்பர் 17-ம் தேதி, பார்லமான் என்று அழைக்கப்பட்ட பாரிஸ் உயர் நீதிமன்றம் தீர்ப்பு ஒன்று சொன்னது. கிறிஸ்துவின் பாடுகளையோ வேறு எந்தப் புனிதக் கதையையோ சபை இனிமேல் நடிக்கக் கூடாது. லௌகிகமான, கண்ணியமான நாடகங்களைப் போட்டுக்கொள்ளலாம். நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் வேறு யார் நாடகம் போட்டாலும் இந்தச் சபையின் பேரில், இதன் ஆதாயத்துக்காகத்தான் போட வேண்டும்.

ஆக, கொட்டகை வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்த நாடகத்துக்குத் தடை. புது நாடகம் எழுதத் தெரிந்தவர்களுக்கோ கொட்டகை இல்லை. பிரெஞ்சு மறுமலர்ச்சிக் காலத்துத் துன்பியல் நாடகம் பிறந்ததும் வளர்ந்ததும் உருமாறியதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என்பது என் கட்சி.

புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியம் படித்தபோது இந்த அரை நூற்றாண்டை ஒரே பத்தியில் தாண்டிப் போனோம். கொர்னெயும் ரசீனும் வருவதற்கு முன்னால் சிலர் தட்டுத்தடுமாறி எழுதிப் பார்த்தார்கள். ஒரே புலம்பல், ஒன்றும் நடக்காது. பிறகு மேதைகள் வந்தார்கள். பாடம் அவ்வளவுதான். அப்புறம் நான் வெகுகாலம் ஒரு சபா குழுவுக்கு மேடை நிர்வாகம் பார்த்தேன். அந்த வேலை பார்த்தவனுக்கு ஒரு நாடகத்தைக் கையில் எடுத்ததும் கவித்துவம் இரண்டாம் பட்சம். மண்டபம் யாருடையது, ஸ்திரீபார்ட் யார், காசு யார் கொடுத்தது என்றுதான் முதலில் புத்தி போகும். அந்தக் கேள்விகளோடு திரும்பப் படித்தபோது, வாத்தியார்கள் குறை என்று சொல்லிக்கொடுத்த பலவற்றுக்கும் காரணம் புரிய ஆரம்பித்தது.

முதலில் சபைக்காரர்கள். சகோதரத்துவம் என்றதும் குருமார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எல்லாரும் கைத்தொழில்காரர்கள், கடைக்காரர்கள். 1402-ல் ஆறாம் சார்லஸ் அரசரிடம் பட்டயம் வாங்கி, ஏசுவின் பாடுகளையும் புனிதர்களின் கதைகளையும் பரம்பரையாக நடித்துவந்தவர்கள். நம் பங்குகளில் பாஸ்கா நாடகம் பார்த்தவர்களுக்கு இது என்ன வகை என்று விளங்கும், அளவுதான் வேறு. வடக்கே வலான்சியேன் ஊரில் 1547-ல் பாடுகளின் நாடகம் 25 நாள் நடந்தது. அதன் மேடையைப் பிற்பாடு வரைந்து வைத்திருக்கிறார்கள்: ஒரு கோடியில் சொர்க்கம், மறு கோடியில் வாய் பிளந்த நரகம், நடுவே எருசலேமும் ஏரோதின் அரண்மனையும் வரிசையாக. எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கும்.

இதைப் பார்த்துப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். சபை 'அப்போஸ்தலர் பணிகள்' நாடகத்தைப் போட்டு முடித்த கையோடு, 1542-ல் அரசாங்க வழக்கறிஞர் நீதிமன்றத்தில் பொரிந்து தள்ளினார். நடிப்பவர்கள் யார்? ஒரு தச்சன், ஒரு சேவகன், ஒரு திரைச்சீலைக்காரன், ஒரு மீன் வியாபாரி. எழுத்து வாசனையே இல்லாதவர்கள். வேதத்தில் இல்லாததையெல்லாம் சேர்க்கிறார்கள், முன்னும் பின்னும் கேலிக்கூத்தை ஒட்டுகிறார்கள், ஜனங்கள் பிரசங்கத்தை விட்டுவிட்டு இங்கே ஓடுகிறார்கள். அவர் பேச்சில் மேட்டுக்குடித் திமிர் நிறைய இருக்கிறது. கூடவே ஒரு பயமும் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தார் பெருகிவந்த காலம்; மீன் வியாபாரி வேஷம் கட்டி வேதம் பேசினால் எந்தப் பக்கம் இழுப்பான் என்று யாருக்குத் தெரியும்?

1549-ல் ழொவாகிம் து பெல்லே பிரெஞ்சு மொழிக்காக வாதாடி ஒரு சிறு நூல் எழுதினார். கேலிக்கூத்தும் நீதிக்கூத்தும் பறித்துக்கொண்ட இடத்தைப் பழைய துன்பியலுக்கும் இன்பியலுக்கும் மீட்டுத்தர வேண்டும் என்று அதில் கவிஞர்களைக் கேட்டுக்கொண்டார். எங்கே, எந்த மேடையில் என்று அவர் சொல்லவில்லை. கவிஞர்கள் எப்போதும் அதைச் சொல்வதில்லை.

மேடை ஏற்கெனவே ஓர் இடத்தில் இருந்தது: பள்ளிக்கூட முற்றத்தில். போர்தோ நகரத்து கீயேன் கல்லூரியில் ஜார்ஜ் புகானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1540-ஐ ஒட்டிய வருஷங்களில் லத்தீன் வாத்தியாராக இருந்தார். பையன்களுக்கு லத்தீன் நாக்கில் புரள வேண்டும், நாலு பேர் முன்னால் நின்று பேச வர வேண்டும். அதற்கு நாடகத்தை விட நல்ல பயிற்சி கிடையாது. எவ்ரிப்பிடீஸின் மெதேயாவையும் அல்செஸ்திஸையும் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். பைபிளிலிருந்து எப்தாவின் கதையையும் திருமுழுக்கு யோவானின் கதையையும் எடுத்துச் சொந்தமாகவே எழுதினார். கொடுத்த வாக்குக்காகப் பெற்ற மகளைப் பலியிடுகிறவன் எப்தா. கிரேக்கத் துன்பியலின் அச்சில் அப்படியே போய் உட்கார்கிற கதை. அந்தப் பள்ளி நாடகங்களில் முக்கிய வேஷம் கட்டிய பையன்களில் ஒருவர் மிஷேல் தெ மொந்தேஞ். தன் கட்டுரையில் அவரே அதைப் பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார். புகானன், கெராந்த், முய்ரே ஆகிய மூவரின் லத்தீன் துன்பியல்களிலும் நடித்தாராம். நாடகக்காரர்களை ஏசுகிறவர்கள் மேலும் நல்ல கொட்டகையை ஊருக்குள் விடாத அதிகாரிகள் மேலும் அவருக்குக் கோபம். மேடையேறிப் பார்த்தவரின் கோபம் அது.

பிரெஞ்சு மொழிக்குள் துன்பியல் மொழிபெயர்ப்பாகத்தான் நுழைந்தது. லசார் தெ பயிஃப் 1537-ல் சோஃபோக்ளிஸின் எலெக்த்ராவை அச்சிட்டார். 1544-ல் ஹெகுபா வந்தது. சொந்தச் சரக்காக முதலில் வந்தது பிரான்ஸுக்கு வெளியே: லோசான் ஊரில், 1550-ல், தியோடோர் தெ பேஸ் எழுதிய 'பலியிடும் ஆபிரகாம்'. எழுதியவர் மதத்துக்காக நாட்டைவிட்டு வந்தவர். நடித்தவர்கள் அங்கேயும் மாணவர்கள்தான். சாத்தான் துறவி அங்கி போட்டுக்கொண்டு வருகிறான், அது கத்தோலிக்கர்கள் மேல் வீசிய கல். மற்றபடி, மலையேறும் தகப்பனும் விறகு சுமக்கும் மகனும் பேசிக்கொள்ளும் இடங்கள் எளிமையாக, நேராக நெஞ்சில் இறங்குகின்றன. பின்னால் வந்த பண்டிதர்கள் பலருக்கு அந்த எளிமை கைவரவில்லை.

இனி பாரிஸ், 1553-ம் வருஷத் தொடக்கம். எத்தியேன் ழொதெலுக்கு இருபது, இருபத்தொரு வயது. 'சிறைப்பட்ட கிளியோபாத்ரா' என்று ஒரு நாடகம் எழுதி, ரேன்ஸ் மாளிகையில் இரண்டாம் ஹென்றி அரசர் முன் அதைப் போட்டார்கள். பழைய முறையில் ஐந்து அங்கம், அங்கத்துக்கு அங்கம் கோரஸ் என்ற அமைப்பில், முழுக்க முழுக்கப் பிரெஞ்சில் அசலாக எழுதிய முதல் துன்பியல் இது. அரசருக்குப் பிடித்துப்போய் 500 எக்கூ கொடுத்தார் என்று அந்தக் காலத்து நினைவுக்குறிப்பாளர் பிராந்தோம் எழுதுகிறார். அதே நாடகத்தை மறுபடி போன்கூர் கல்லூரி முற்றத்தில் போட்டார்கள். அங்கே ஒரு சன்னலில் இருந்து பார்த்த எத்தியேன் பாக்கியே என்ற வழக்கறிஞர் பின்னாளில் தன் நினைவுகளை எழுதினார். எல்லாச் சன்னல்களிலும் பெரிய மனிதர்கள்; முற்றத்தில் மாணவர் கூட்டம் வாசலைத் தாண்டி வழிகிறது; நானும் பேரறிஞர் தூர்னேபும் ஒரே அறையில் இருந்தோம் என்கிறார். நடிகர்கள் எல்லாரும் கவிஞர்கள். ரெமி பெல்லோ ஒரு வேஷம், ழான் தெ லா பெரூஸ் ஒரு வேஷம். ஸ்திரீபார்ட் ஆசிரியரே: கிளியோபாத்ராவாக வந்தவர் ழொதெல்.

அந்த நாடகத்தை நான் மனசுக்குள் பல தடவை மேடையேற்றிப் பார்த்திருக்கிறேன். அந்தோனி செத்தாகிவிட்டது, நாடகமே அவனுடைய ஆவி வந்து பேசுவதில்தான் திறக்கிறது. கிளியோபாத்ரா தன் தோழிகளிடம் கனவைச் சொல்கிறாள். இரண்டாம் அங்கத்தில் ஒக்டேவியன் அவளை ரோமாபுரிக்கு இழுத்துப்போய் ஊர்வலத்தில் காட்டத் திட்டம் போடுகிறான். நாலாம் அங்கத்தில் அந்தோனியின் கல்லறையில் அவள் அழுகிறாள். ஐந்தில் அவள் இறந்த செய்தியை ஒருவன் வந்து சொல்கிறான். அலெக்சாந்திரியாப் பெண்கள் கோரஸாக நின்று கேட்கிறார்கள். படித்தால் புலம்பல்தான். மூன்றாம் அங்கம் மட்டும் வேறு. ஒக்டேவியன் காலில் விழுந்து இவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது, செலேவ்க்கஸ் என்கிற சொந்த ஊழியன், இவள் சொத்தையெல்லாம் கணக்கில் காட்டவில்லை என்று போட்டுக்கொடுக்கிறான். அவ்வளவுதான், மகாராணி பாய்ந்து அவன் தலைமயிரைப் பிடித்து அடிக்கிறாள். அரசர் பார்க்க, பாவாடை கட்டிய இருபது வயதுக் கவிஞன் இன்னொரு நண்பனின் முடியைப் பிடித்து உலுக்குகிற காட்சி! அங்கே சிரிப்பு எழுந்திருக்கும், கூடவே ஒரு திகிலும். ஏனென்றால் அழுதுகொண்டிருந்தவளுக்குள் இன்னும் ராணி இருக்கிறாள் என்று ஒரே வீச்சில் தெரிந்துவிடுகிறது. ஒன்றும் நடக்காத நாடகம் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் இந்த இடத்தைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வெற்றிக் களிப்பில் கவிஞர் கூட்டம் ஊருக்கு வெளியே ஆர்கேய் கிராமத்துக்குப் போயிற்று. திருவிழாக் காலம். வழியில் ஒரு கிடாயைப் பிடித்து, கொடி சுற்றி அலங்காரம் பண்ணி, பழைய கிரேக்க வழக்கப்படி துன்பியல் ஜெயித்தவனுக்குப் பரிசு என்று ழொதெலிடம் கொண்டு நிறுத்தினார்கள். படித்த பையன்களின் கூத்து. ஆனால் மதச் சண்டை முற்றிய காலம் அல்லவா, பொய்த்தெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பத்து வருஷம் கழித்துக்கூட அந்தக் கூட்டத்துக் கவிஞர் ரொன்சார், வெட்டவில்லை, சும்மா காட்டிவிட்டு வெளியே துரத்திவிட்டோம் என்று சீர்திருத்தப் போதகர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

ழொதெலுக்கு அதற்குப் பிறகு இறங்குமுகம். கலே துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த சந்தோஷத்தில், 1558 பிப்ரவரியில் பாரிஸ் நகர மன்றம் அரசருக்கு விருந்து வைத்தது. கேளிக்கைப் பொறுப்பு ழொதெலிடம். சில நாள்தான் அவகாசம். நடித்தவர்களுக்கு வசனம் வரவில்லை, கூட்ட நெரிசலில் மேடையில் நிற்க இடமில்லை. கிரேக்கப் புராணப் பாடகன் ஓர்ஃபேயின் பாட்டுக்கு மயங்கிப் பாறைகள் பின்னால் நடந்து வர வேண்டும். 'ரொஷே' என்று சொன்னது தச்சர்கள் காதில் 'குளொஷே' என்று விழுந்து, பாறைக்குப் பதில் மணிக்கோபுரங்கள் ஆடி ஆடி வந்தன என்று ஒரு கதை உண்டு. கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். செட்டுக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லி மாட்டிக்கொண்ட யாருக்கும் அதை நம்புவதில் சிரமம் இருக்காது. அந்த அவமானத்துக்குச் சமாதானம் சொல்லி ழொதெல் அதே வருஷம் ஒரு புத்தகமே போட்டார். 1573-ல் கடனும் வறுமையுமாகச் செத்தார். கிளியோபாத்ரா அச்சானது அதற்கு அடுத்த வருஷம். அரங்கேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய இன்னொரு துன்பியலான 'தன்னைப் பலியிடும் தீதோ'வும் அப்போதுதான் வெளிவந்தது.

கல்லூரி முற்றத்துக்கு ஆயுசு ஒரு நாள். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போடுவார்கள்; திரும்ப நடிக்கக் குழு கிடையாது. ழாக் கிரெவென் என்ற மருத்துவ மாணவர் 'சீசர்' எழுதி, 1561-ல் பாரிஸின் போவே கல்லூரியில் போட்டார். கோரஸாகப் பெண்கள் பாடிப் புலம்புவதை விட்டுவிட்டு, சீசரின் பழைய படைவீரர்களைக் கொண்டுவந்து பேச வைத்தார். அசலான நாடகப் புத்தி. ஆனால் அவர் சீர்திருத்த மதத்தில் சேர்ந்து நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது, நாடகத்துக்குத் திரும்பவில்லை. லா பெரூஸ் 'மெதே' எழுதி, அச்சில் பார்க்காமலே 1554-ல் போய்விட்டார். கப்ரியேல் பூனென் என்பவர் 1561-ல் 'லா சொல்தான்' என்று ஒன்று எழுதினார். துருக்கி சுல்தான் சுலைமான் தன் மகன் முஸ்தஃபாவைக் கொன்ற கதை. கொலை நடந்து எட்டே வருஷம்தான் ஆகியிருந்தது. ரோமாபுரிப் பிணங்களையே கட்டி அழுதவர்கள் நடுவில் இப்படி ஒருத்தர்.

அரண்மனையாவது கைகொடுத்ததா? 1556-ல் புளுவா கோட்டையில் திரிசினோவின் இத்தாலிய 'சொஃபோனிஸ்பா'வைப் பிரெஞ்சில் போட்டார்கள். மெலென் தெ சேன்-ழெலே மொழிபெயர்ப்பு. மூன்று வருஷம் கழித்து, 1559-ல், ஒரு ஈட்டி விளையாட்டில் அரசர் கண்ணில் ஈட்டிச் சிம்பு பாய்ந்து இறந்தார். பிறகு உள்நாட்டுச் சண்டை. ராணி கத்ரீன் தெ மெதிசிஸுக்கு அந்த நாடகம்தான் ராஜ்யத்துக்குத் தரித்திரம் கொண்டுவந்தது என்று தோன்றிவிட்டது; அதற்கப்புறம் அவள் துன்பியலே போட விடவில்லை என்கிறார் பிராந்தோம். அபசகுனம் பார்த்துப் பட்டியலிலிருந்து நாடகத்தைத் தூக்கும் புரவலர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆக அரண்மனைக் கதவும் சாத்தியாகிவிட்டது.

இந்த நிலைமையை வாய்விட்டுச் சொன்னவர் ழான் தெ லா தாய். உள்நாட்டுப் போரில் நேராகச் சண்டையிட்டு, 1570-ல் அர்னே-லெ-துய்க் களத்தில் காயம்பட்ட மனிதர். 1572-ல் 'வெறிகொண்ட சவுல்' நாடகத்தை அச்சிட்டு, முன்னால் துன்பியல் கலையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை சேர்த்தார். கதை ஒரே நாளில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும். கதையை ஆரம்பத்திலிருந்து தொடங்காமல் நடுவிலோ முடிவுக்குப் பக்கத்திலோ பிடிக்க வேண்டும். நாயகன் முழுக்கக் கெட்டவனாகவும் கூடாது, முழுக்க நல்லவனாகவும் கூடாது. ஆபிரகாம் கதை இதற்கு ஆகாது, ஏனென்றால் பலி கடைசியில் நடப்பதில்லை, சுபமாக முடிகிறது என்று பேஸ் மேல் ஒரு குத்தும் உண்டு. பாடப்புத்தகங்கள் இந்த விதிகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது வேறொரு இடம். எனக்கு மட்டும் வசதி இருந்தால் எப்படிக் கொட்டகை கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்கிறார். பள்ளிப் பையன் வாடையோ, வாத்தியார் வாடையோ, முக்கியமாகக் கேலிக்கூத்து வாடையோ அடிக்காத, வாய் திறந்து தைரியமாகப் பேசத் தெரிந்த நடிகர்கள் வேண்டும் என்கிறார். இருந்த இரண்டு வகை நடிகர்களையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். மூன்றாவது வகை அப்போது கண்ணிலேயே இல்லை.

சவுல் நாடகம் அவனுடைய பைத்தியத்தின் உச்சத்தில் திறக்கிறது. சொந்தப் பிள்ளைகளையே எதிரிகள் என்று அடிக்க ஓடுகிறான். ஏந்தோர் சூனியக்காரி சாமுவேலின் ஆவியை எழுப்பும் காட்சிக்கு மந்திரமும் பயமுமாக நல்ல கட்டுமானம். லா தாயின் தம்பி ழாக்கும் நாடகம் எழுதினார். 1562-ல் சின்ன வயதிலேயே கொள்ளைநோயில் போய்விட்டார். அண்ணன் அச்சிட்ட அந்தத் தம்பியின் நாடகத்தில், பாரசீக அரசன் தாரியுஸ் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாயெடுத்து, ஒரு சொல்லின் பாதியிலேயே உயிரை விடுகிறான். எதுகைக்காகச் சொல்லை வெட்டினார் என்று தலைமுறை தலைமுறையாக விமர்சகர்கள் சிரித்திருக்கிறார்கள். நல்ல நடிகன் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

மேடை இல்லாத நாடகம் எங்கே போகும்? அச்சுக்கூடத்துக்குப் போகும். அந்தக் காலப் பதிப்புகளைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். நீதிவாக்கியம் போல் வரும் அடிகளின் தொடக்கத்தில் இரட்டைக் குறி போட்டிருப்பார்கள்: அரசன் எப்படி இருக்க வேண்டும், செல்வம் எப்படிக் கரையும், பழி எப்படித் திரும்பி வரும். வாசகன் அவற்றைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வசதி. ரோமாபுரி நாடகாசிரியர் செனெகாவிடமிருந்து கற்றது அது. ஆவி வந்து தொடங்குவது, தூதன் வந்து மரணத்தை விவரிப்பது, ஒருவர் ஓரடி மற்றவர் ஓரடி என்று வெட்டி வெட்டிப் பேசுவது எல்லாமே அங்கிருந்து வந்தவைதான். ஆனால் இவ்வளவு நீளமான பேச்சு இவர்களுக்கு ஏன் ஒத்துப்போயிற்று என்றால், எதிரே இருந்தவன் கையில் புத்தகத்தோடு இருந்தான். மேடையில் பத்து நிமிஷம் ஒருவனே பேசினால் பின்வரிசை இருமும். புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டுவான்.

ரொபேர் கார்னியே இந்த இடத்தில்தான் வருகிறார். இந்தக் கூட்டத்தில் பெரிய கவிஞர் அவர். மேன் பகுதியில் லா ஃபெர்தே-பெர்னார் ஊர்க்காரர். துலூஸில் சட்டம் படித்தவர். 1569-ல் லெ மான் நீதிமன்றத்தில் ஆலோசகர், 1574-ல் அங்கேயே குற்ற வழக்குகளுக்குத் தலைமை நீதிபதி. முதல் நாடகம் 'போர்சி', 1568. ரோமாபுரி உள்நாட்டுப் போர்களின் கொடுமை. இந்தக் காலத்து அவதியை அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைப்புப் பக்கத்திலேயே பச்சையாகப் போட்டுவிட்டார். அதன்பின் 'இப்போலித்', 'கொர்னெலி', 'மார்க் அந்துவான்', 'லா துரோவாத்', 'அந்திகோன்'. பகலில் கச்சேரியில் கொலைகாரர்களை விசாரித்தவர் இரவில் எழுதிய நாடகங்களில் ஒரு கொலைகூடக் கண்முன் நடப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 'மார்க் அந்துவான்' நாடகத்தில் அந்தோனியும் கிளியோபாத்ராவும் ஒரு தடவைகூட மேடையில் சந்திப்பதில்லை! காதல் ஜோடியைக் கடைசிவரை தனித்தனியாகவே பேசவிடுகிற துணிச்சல். கடல் தாண்டிப் போய் அதை 1592-ல் மேரி சிட்னி ஆங்கிலத்தில் அச்சிட்டாள். 'கொர்னெலி'யைத் தாமஸ் கிட் 1594-ல் கொண்டுவந்தார். லண்டனில் ஷேக்ஸ்பியர் எழுதிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

1583-ல் வந்த 'லே ழுயிவ்', அதாவது யூதப் பெண்கள், அவருடைய சிகரம். எருசலேம் விழுந்துவிட்டது, அரசன் சிதேக்கியாவும் அவன் தாயும் மனைவியரும் குழந்தைகளும் நெபுகத்நேச்சாரின் கையில். பெண்கள் காலில் விழுந்து கெஞ்சுகிறார்கள். சிதேக்கியாவின் உயிரை எடுக்க மாட்டேன் என்று நெபுகத்நேச்சார் வாக்குக் கொடுக்கிறான், இரண்டு பொருள் படும்படி. பிறகு அதிகாரி ஒருவன் வந்து, குழந்தைகளைப் பிணையாக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்கிறான். தாய்மார்கள் நம்பி, முத்தம் கொடுத்து, புத்தி சொல்லி, தங்கள் கையாலேயே ஒப்படைக்கிறார்கள். வாசகனுக்குத் தெரியும். தீர்க்கதரிசி வந்து நடந்ததைச் சொல்கிறார்: குழந்தைகளைத் தகப்பன் கண்ணெதிரே வெட்டினார்கள், பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். சொல்லி முடித்த பிறகு அந்தக் குருடனே மேடைக்கு வருகிறான். கொலையை மேடையில் காட்டியிருந்தால் அந்த ஒப்படைப்புக் காட்சிக்கு இந்த பலம் இருந்திருக்காது. சீர்திருத்தத்தாரைக் கொன்று குவித்த புனித பர்த்தலோமியு நாள் படுகொலை நடந்து பதினோரு வருஷம். பிள்ளைகளை இழந்தவர்கள் இரண்டு மதத்திலும் இருந்தார்கள். யார் பக்கம் நின்று எழுதினார் என்று பிரித்துப் பார்க்க முடியாத நாடகம் இது. மற்றவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அந்தப் படுகொலையில் கொல்லப்பட்ட சீர்திருத்தத்தார் தலைவர் கொலிஞியைத் துரோகியாக வைத்து ஃபிரான்சுவா தெ ஷாந்தலூவ் 1575-ல் நாடகம் போட்டார். 1588-ல் அரசன் கொல்வித்த கத்தோலிக்கத் தலைவர் கீஸ் கோமகனைத் தியாகியாக்கி அடுத்த வருஷமே பியேர் மத்தியே 'லா கீசியாத்' எழுதினார். கட்சி நாடகங்கள், சூடு ஆறியதும் தீர்ந்தன.

கார்னியேயும் மேடையை மறக்கவில்லை. 1582-ல் எழுதிய 'பிராதமாந்த்' கோரஸ் இல்லாத சுபமுடிவு நாடகம். இதை நடிக்க விரும்புகிறவர்கள் அங்கங்களுக்கு நடுவே ஏதாவது இடைக்கேளிக்கை சேர்த்துக்கொள்ளவும் என்று முன்னுரையில் எழுதினார். முன்பின் தெரியாத ஒரு மேடை நிர்வாகிக்கு அவர் விட்டுப்போன குறிப்பு. அதைப் படித்தபோது எனக்கே எழுதியது போல் இருந்தது.

அடுத்த தலைமுறையின் அந்துவான் தெ மோன்கிரெத்தியேன் வாழ்க்கையே ஐந்து அங்கம். 1601-ல் 'ஸ்காட்லாந்து ராணி' என்று, 1587-ல் தலை வெட்டப்பட்ட மேரி ஸ்டூவர்ட்டின் கதையை எழுதினார். முதல் பாதியில் எலிசபெத் தயங்குகிறாள், பின்பாதியில் மேரி சாகிறாள். இரண்டு ராணிகளும் எதிர்ப்படுவதில்லை. ஒரு சண்டையில் ஆளைக் கொன்றதாக மாட்டி இங்கிலாந்துக்கு ஓடினார், திரும்பி வந்து கத்தியும் கருவிகளும் செய்யும் பட்டறை வைத்தார், 1615-ல் அரசியல் பொருளாதாரம் என்ற தலைப்பில் ஒரு நூல் எழுதினார். 1621-ல் சீர்திருத்தத்தார் கிளர்ச்சியில் சேர்ந்து சுட்டுக் கொல்லப்பட்டார். செத்த பிறகும் விடாமல் உடலைச் சக்கரத்தில் முறித்து எரித்தார்கள்.

கடைசியில் கொட்டகை திறந்தது. போர் ஓய்ந்த மறு வருஷம், 1599-ல், வல்லெரான் லெ கோந்த் என்ற தொழில்முறை நடிகர் தன் குழுவோடு வந்து ஒத்தெல் தெ பூர்கோஞ்சைச் சபையிடம் வாடகைக்கு எடுத்தார். சகோதரர்கள் அதற்குள் நடிப்பதை விட்டு வாடகை வாங்குகிறவர்களாகிவிட்டார்கள். குழுவுக்குக் கூலிக்கு எழுதிக் கொடுத்தவர் அலெக்சாந்தர் ஆர்தி. 600 நாடகம் எழுதியதாக அவரே சொல்லிக்கொண்டார். கையில் இருப்பவை 34. அவர் கோரஸைப் பெரும்பாலும் தூக்கிவிட்டார். மேடைக்கு அது வேண்டாத சுமை, பாடுகிறவர்களுக்குக் கூலி வேறு. கொலை, கடத்தல், பிணம் எல்லாம் கண்முன் வந்தன. காசு கொடுத்தவன் நின்று பார்த்தான். அவர் வசனம் கரடுமுரடு. கார்னியேயின் ஓர் அடிக்கு ஈடாகாது. ஆனால் ஒரு நாடகம் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வசூலில் தெரிந்துவிடும் என்ற நிலைமையில் எழுதிய முதல் பிரெஞ்சுத் துன்பியல் கவிஞர் அவர்தான்.

கொர்னெய் வயதான பிறகு, தான் எழுத ஆரம்பித்தபோது துணைக்கு இருந்தவை கொஞ்சம் பொதுப்புத்தியும் ஆர்தியின் முன்மாதிரிகளும்தான் என்று எழுதினார். கார்னியே பேரை அங்கே சொல்லவில்லை. கொர்னெய் 1606-ல் பிறந்தது ரூவான் நகரத்தில். அந்தத் தலைமுறையில் கார்னியே நாடகங்களைப் பதிப்புக்கு மேல் பதிப்பாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்ததும் அதே ரூவான் அச்சுக்கூடங்கள்தான்.